மை படாத முகம்

நாற்பத்திரண்டு வயது எஸ்டேட் கணக்குக் கிராணி காதல் படக்கதை படிப்பானா என்று கேட்கிறீர்கள். படிப்பேன், இன்ஸ்பெக்டர். ஜப்பான்காரன் வரைந்தவை, மலாய் மொழியில் மாற்றி வருகின்றன. சனிக்கிழமைதோறும் கோலா பிலா பஸ் ஸ்டேஷன் கடையில் வாங்குவேன்.

வாங்கியது மீனலோசனிக்காக. எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மகள். எங்களைப் போலவே யாழ்ப்பாண வழி. சுங்கை காடுட் ஃபேக்டரியில் வேலை. நான் படித்துவிட்டுக் கொடுப்பேன். அந்தக் கதைகளில் பெண் காதலனை 'அபாங்' என்பாள். அதுவரை என்னை அண்ணே என்றவள், ஒருநாள் புத்தகத்தைத் திருப்பித் தந்து, "தேங்ஸ்லா, அபாங்" என்றாள். மலாய்க்காரர்கள் அண்ணனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், எனக்கும் தெரியும். ஆனால் அத்தனை கதை படித்தவள் தெரியாமலா சொல்வாள்?

ஜப்பான்காரன் விவரமானவன். கதாநாயகன் முகத்தில் மையே போடமாட்டான், வெறும் வெள்ளைத் தாள். கறுப்பாக ஒருவன் வந்தால் அவன் திருடன், இல்லாவிட்டால் கோமாளி. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆண் காத்திருப்பான், கடைசிப் பக்கத்தில் பெண் வந்து சேருவாள். காதல் என்றால் அவ்வளவுதான். நான் நான்கு வருடம் காத்திருந்தேன்.

மார்ச்சில் ஒரு புத்தகம் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கதாநாயகன் முகத்தில் பென்சிலால் கறுப்பு தீட்டியிருந்தாள். மீசையும் வைத்திருந்தாள். செம்பனைப் பழ லோரி ஓட்டும் அர்ச்சுனனின் மீசை.

"என்னம்மா இது?"

"சும்மாலா, அபாங். இப்பத்தான் ஆம்பள மாதிரி இருக்கான்," என்று சிரித்தாள்.

அன்று மாலையே அழிப்பானை எடுத்து உட்கார்ந்தேன். நூற்று எண்பது பக்கம். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தோட்டக்காட்டுப் பயலுக்கு இந்த முகமா என்று வயிறு எரிந்தது.

மறுநாள் அர்ச்சுனனின் மோட்டார் சைக்கிள் என் ஸ்டோருக்குப் பின்னால் நின்றது. பிரேக் திருகைத் தளர்த்தினேன். இரண்டு நிமிட வேலை. மலைச்சரிவில் எதிரே வந்த லோரிக்கு அடியில் போய்விட்டான். அதுவும் எனக்கு அழிக்கிற வேலைதான்.

கருமாதி முடிந்த மறுநாள் மீனா என் ஆபீசுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அபாங், கூடப்பொறந்தவரு மாதிரி இனி நீங்க ஒருத்தர்தான் எனக்கு."

அபாங் என்றாள். அதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். மற்றதை விட்டுவிடலாம்.