அண்ணனுக்கு ஒரு இலை

“அண்ணனுக்கும் இன்னிக்குப் படைச்சா, அவரு செத்துட்டாருன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிடுமே.”

என் முன் இருக்கைக்காரர் மனைவியிடம் சொன்னார். அவருடைய அம்மா இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது என்று சற்று முன்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று மகாளய அமாவாசை. எண்பத்தேழு இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் மணலூர்பேட்டை பஸ் நகரவில்லை. மனைவியின் மடியில் வாழையிலைக் கட்டு.

“செத்தவங்களுக்குத் தெரியாதா இன்னா? ரெண்டு பேரும் அங்க பாத்திருப்பாங்க.”

“பாத்திருந்தா சரி. பாக்கலன்னா? பர்மா சண்டையில பிளேன்ல போனவரு. பிளேனும் கெடைக்கல, அவரும் கெடைக்கல. எந்தக் காட்டுல கெடக்கறாரோ. தந்தி வந்தும் அம்மா நம்பல. உசுரோட இருக்கற புள்ளைக்கு எவனாவது படைப்பானான்னு கடைசி வரைக்கும் சண்ட போட்டுக்கினு இருந்தாங்க.”

“அதுக்காக இந்த வருஷமும் அவரு பட்டினியா? வூட்டுக்குப் போயி நான் எத்தினி எலை போடட்டும், அதச் சொல்லுங்க.”

அவர் ஜன்னல் வழியே அந்த மரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“ஒண்ணு பண்ணு. மொதல்ல அம்மாவுக்கு மட்டும் போடு. காக்கா வந்து சாப்ட்டுப் போவட்டும். அது போனப்புறம் அண்ணனுக்குத் தனியா போட்டுடலாம். அம்மா பாக்க மாட்டாங்க.”

மனைவி இலைக்கட்டை மடியில் ஒருமுறை புரட்டி வைத்தார்.

“போன காக்காவே திரும்பி வந்துச்சுன்னா?”