வேட்டி சட்டை புதைத்த குழி

— அந்தா திருச்செந்தூர் பஸ்ஸு வந்துட்டு. எந்திரி ரெனிஷா.

— நீங்க ஏறுங்க சித்தப்பா. நான் வரலன்னு ஒரு மணி நேரமா சொல்லுதேன்.

— நாளைக்குக் கல்லறைத் திருநாளு பிள்ள. ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமா நிக்கும். உங்கப்பன் கல்லறைக்கு மட்டும் பெத்த மவ வரலன்னா...

— எது? எங்கப்பா கல்லறையா?

— பின்ன?

— உள்ள யாரு இருக்கா? ஒரு வேட்டி, ஒரு சட்ட, ஒரு ஜெபமால. பரிச்ச முடிஞ்சு ஊருக்கு வந்தவகிட்ட நீங்கதான சொன்னிய? "உடம்பு கெடைக்கல, துணிய வச்சு மூடிட்டோம்"னு. பங்குனியில கடலுக்குப் போனவரு இன்னும் கடல்லதான் இருக்காரு. துணிக்கு எதுக்குச் சிலுவ?

— பைய பேசுட்டி. பஸ்ஸுக்கு நிக்கவங்க பூரா பாக்காவ.

— பாக்கட்டும். இதே வண்ணார்பேட்டையில நான் அழுதப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. கத்துனாலாவது பாக்காவளே.

— சரி... உடம்ப விடு. ஆத்துமா இருக்குல்லா? பாவங் கழியுத வர உத்தரிக்கிற ஸ்தலத்துல நம்ம பூசைக்குக் காத்துக் கெடக்கும்லா?

— ஆத்துமான்னா அது அப்பாவா?

— இது என்ன கேள்வி?

— எம்.ஏ. தத்துவத்துல நான் படிச்ச கேள்வி. எழுநூறு வருசத்துக்கு முந்தி நம்ம வேதத்துச் சாமியாருங்க பாரிசுல உக்காந்து இதுக்குத்தான் மல்லுக்கட்டுனாவ.

— கடலுக்குப் போகாதவனுக்கும் பொழுது போகணும்லா.

— கிண்டல் பண்ணுததா இருந்தா பஸ்ஸப் பாத்து நடங்க.

— இல்ல, சொல்லு. கேக்கேன். சாமியாரு என்ன சொன்னாரு?

— ஆத்துமாங்கது வள்ளத்துல ஏறுன ஆளு மாதிரி இல்லியாம். வள்ளம் முங்குனா நீந்திக் கரையேற அது தனி ஆளு இல்ல. உடம்ப உடம்பா ஆக்கி வச்சிருக்கதே அதுதான். ரெண்டும் சேந்தாத்தான் மனுசன். ஆத்துமா சாகாது, தனியா இருக்கும். ஆனா தனியா இருக்கது அப்பா இல்ல.

— அப்ப எங்கண்ணன் எங்கட்டி?

— முழுசா ஒரு எடத்துலயும் இல்ல. இன்னும் இருக்கு. நம்ம புத்தி சும்மா யோசிக்காதாம். கண்ணும் காதும் கொண்டாந்து குடுக்குத படத்த வச்சுத்தான் யோசிக்கும். உடம்பு போனா படம் வராது. இங்கன நடக்குதது தானா அதுக்குத் தெரியாது. நாளைக்கு நான் அங்கன வந்து தொண்ட கிழியக் கத்துனாலும் அப்பாவுக்குக் கேக்காது.

— கடவுளு சொல்லிக் குடுக்க மாட்டாரோ?

— குடுக்கலாம்னு ஒரு சந்து விட்டு வச்சிருக்காவ. எனக்கு அது பத்தாது.

— இதப் படிக்கத்தான் அவன் உன்ன ஹாஸ்டல்ல போட்டானாக்கும்... நீ பி.ஏ. பாஸாகவும் வீடு வீடா சீலா மீனு குடுத்தான், தெரியுமா? நம்ம குடும்பத்துல மொதப் பட்டம்னு. எம்.ஏ. முடிக்கட்டும், ஊருக்கே சோறு போடுதேன்னான்.

— அத இப்ப எடுக்காதீய.

— ஏன்? நீதான் முடிச்சிட்டல்லா.

— விடுங்க சித்தப்பா.

— விட முடியல பிள்ள. உங்கம்மா தெனமும் அங்கன போயி ஒத்தையில உக்காந்திருக்கா. நீ வரணும்.

— வெறுங்குழிக்கு வர மாட்டேன்.

— வெறுங்குழி இல்லட்டி. பதினோராம் நாளு ஆலந்தல பக்கம் ஒதுங்குனான். மொகம்... வேண்டாம். கையில குத்தியிருந்த பச்சய வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். நான்தான் தூக்குனேன். அன்னைக்குத்தான் ஒனக்குக் கடைசிப் பரிச்ச. உங்கம்மா என் காலுல விழுந்துட்டா. "பிள்ளைக்கு ஆள் அனுப்பாதிய கொழுந்தா, எழுதி முடிக்கட்டும். அவரு ஆசப்பட்டது அது ஒண்ணுதான்"னு. வச்சிருக்குத மாதிரி உடம்பும் இல்ல. சாயந்தரமே அடக்கிட்டோம். பெறவு ஒன் மொகத்தப் பாத்து எப்படிச் சொல்ல? வாயில வந்தது துணிக் கததான். ஊரே அதையே சொல்லிச்சு... என்ன ஏசு. அடி. ஆனா நீ எழுதிட்ட. அவன் நெனச்சது நடந்துட்டு. அதச் சொல்லித்தான் ராத்திரி நான் கண்ண மூடுதேன்.

— நான் எழுதல சித்தப்பா. நம்ம ஊரு டெலிபோன் பூத்து லில்லி, எனக்குச் சொல்லக்கூடாதுங்கது தெரியாம, அன்னைக்குக் காலையில ஹாஸ்டலுக்குப் போன் பண்ணி அப்பா ஒதுங்குனதச் சொல்லிட்டா. பரிச்ச ஹாலுக்குப் போகாம பஸ் ஏறிட்டேன். ஊருக்குள்ள நுழையும்போது சாவு மணி அடிக்குது. நீங்க பெட்டிக்கு முன்னால போறீய. அம்மா பின்னால போறா. ஒருத்தரும் ரோட்டத் திரும்பிப் பாக்கல. சொந்த அப்பா எழவுக்குக் கூப்பிடாம எப்படி வர? உடைமரத்துக்குப் பின்னால நின்னேன், மண்ணு போட்டு முடியிற வர. அதே பஸ்ஸுல திரும்பிட்டேன். என்னைக்காவது ஒரு நாளு நீங்களா சொல்லுவியன்னுதான், துணியாத்தான் இருக்கும்னு இத்தன மாசமும் நம்புன மாதிரியே இருந்தேன்.