கைபிடி இல்லாத சுக்கான்

டிஜிட்டைசிங் என்றால் என்னவென்று கேட்டீர்கள், சேர். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு படத்தை எம்ப்ராய்டரி மெஷினுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லிக் கொடுப்பது, அவ்வளவுதான். மெஷினுக்குப் பூவும் தெரியாது, இலையும் தெரியாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது மட்டும்தான் அதற்கு வேண்டும். நாங்கள் கம்ப்யூட்டரில் கீறி, பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய்ச் செருகினால், சொன்னதைச் சொன்னபடி தைத்துத் தரும். வளர்த்த பிள்ளைகள் அப்படி இல்லை.

தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறிவிடும். ஸும்ராதான் ஊற்றினாள், உள்ளே இருக்கிறாள். நீங்கள் அவளுடைய சட்டத்தரணி. புத்தளத்திலிருந்து எத்தாளை வரை இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள். என் தங்கச்சி தன் கையால் கீறிய முதல் படம் எங்கே என்று இது மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். அது கிடைத்தால், அவள் உடுப்பில் இருந்தது கப்பலைத் திருப்புகிற சுக்கான் சில்லுதான், புத்த சமயத்தை அவமதிக்கத் தைத்த தர்மச் சக்கரம் அல்ல என்று கோர்ட்டில் காட்டலாம், வழக்குத் தள்ளுபடியாகும் என்கிறீர்கள். தொலைந்துவிட்டது என்று சொன்னேன். தொலையவில்லை. என் அலுமாரியில்தான் இருக்கிறது. ஏன் தரவில்லை என்று சொன்னால் உங்களுக்கும் விளங்கும்.

தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து துரத்தியபோது எனக்கு ஒன்பது வயது. ஸும்ரா அதற்குப் பிறகு, இங்கே அகதி முகாமில் பிறந்தாள். அவளைப் பெற்ற கையோடு உம்மா மௌத்தாகிக் கண்ணை மூடிவிட்டார். வாப்பா, இப்போது அவரும் இல்லை, கருவாடு விற்கப் போய்விடுவார். நானே ஒரு பிள்ளை, என் இடுப்பில் இன்னொரு பிள்ளை. எனக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் அந்த இடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பின. நான் கவலைப்படவில்லை. என் நஸீப், என் விதி அதுதான் என்று இருந்துவிட்டேன்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனம் பயிற்சியும் தந்து இந்த மெஷினையும் தந்தது. முதலில் மற்றவர்கள் செய்த டிசைனை வாங்கித்தான் தைத்தேன். பிறகு நானே செய்யப் பழகினேன், ஸும்ராவுக்கும் பழக்கினேன். வட்டம் கீறினால் துணியில் முட்டையாக வரும், ஏனென்றால் நூல் துணியை இழுக்கும். எந்தப் பக்கம் இழுக்குமோ அந்தப் பக்கம் கொஞ்சம் கூட்டிக் கீற வேண்டும். மேல் தையலுக்கு முன்னால் அடியில் ஒரு தையல் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே உள்ளது நிற்காது. இதெல்லாம் அவளுக்கு ஒரே மூச்சில் பிடிபட்டது. கெட்டிக்காரி. அல்லாஹ் அறிய, எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குள் மிஹ்லார் வந்தான். பலநாள் மீன்பிடிப் படகில் சுக்கான் பிடிக்கிறவன். நல்ல பிள்ளை, அவனில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அவன் வீட்டாரும் எங்கள் ஊர்தான். மன்னாரில் பழைய காணியைத் துப்பரவாக்கி வீடும் கட்டிவிட்டார்கள். நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று பேசி முடித்தோம். இங்கேதான் இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

"நிக்காஹ் முடிஞ்சா நாங்க ஊருக்கே போயிருவோம் ராத்தா" என்றாள் ஸும்ரா, பாண் துண்டைப் பிய்த்துக்கொண்டே.

"அப்ப நான்?"

"நீங்க வந்து வந்து போங்களேன். பஸ்தான் ஓடுதே."

வந்து போவதற்கு நான் யார் சேர், விருந்தாளியா? வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இவள் பாயவும் இல்லை. சிரித்துக்கொண்டு சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் கிழமையே தன் முதல் சொந்த டிசைனைக் கடதாசியில் கீறினாள். அவனுக்காக ஒரு சுக்கான். சுற்றிவரப் பிடிக்கிற கைபிடிகள், கீழே நங்கூரம், ஒரு கயிறு. நீல நிறத்தில், நிக்காஹ்வுக்குப் பிறகு உடுத்தப் போகிற நீட்டுச் சட்டையின் நெஞ்சில் தைக்க வேண்டுமாம். நோன்பு வேலையில் அவளுக்கு நேரமில்லை. "நீங்களே கம்ப்யூட்டரில ஏத்தித் தைச்சிருங்க ராத்தா" என்று என்னிடம் தந்தாள். தொடங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற பிழையைத்தான் அவளும் செய்திருந்தாள். சின்னச் சின்னதாக நிறைய. ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்தது எதுவும் நூலில் எடுபடாது, முடிச்சுப் போலத் திரண்டுவிடும். ஆகவே கைபிடிகளை எடுத்தேன். நங்கூரத்தை விட்டால் அங்கும் இங்கும் நூல் தாவும், வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதையும் எடுத்தேன். கயிறும் போயிற்று. நீல நூல் முடிகிற தறுவாயில் இருந்தது, மஞ்சளில் புது நூற்கட்டை கிடந்தது, மஞ்சளைக் கோர்த்தேன். எந்த ஆசிரியரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், ஒன்றும் பிழையில்லை என்பார்.

தைத்ததைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். "கைபிடி எங்க ராத்தா? வண்டிச் சில்லு மாதிரியெல்லோ இருக்கு."

"நூலில வாறது இவ்வளவுதான். தூரத்தில நிண்டு பார், வடிவா இருக்கும்" என்றேன். நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சில்லை.

கைபிடியை எடுத்தேன், நங்கூரத்தை எடுத்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது முழுக்கச் சரியில்லை. சிலாபம் பக்கத்து விகாரை ஒன்றின் தஹம் பாடசாலைக்கு, பிள்ளைகள் பௌத்தம் படிக்கிற இடத்துக்கு, முந்தின வருடம் தர்மச் சக்கரம் போட்ட ஒரு கொடி தைத்துக் கொடுத்திருந்தேன். நல்ல மனிதர்கள், சொன்ன நேரத்துக்கு வந்து எடுத்துப்போனார்கள். அந்தச் சக்கரம் என் கம்ப்யூட்டரில் இருந்தது. அதே எட்டு ஆரக்கால்கள், அதே மஞ்சள். ஸும்ராவின் படத்தை நான் கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை. இருந்ததை எடுத்து, அளவைக் குறைத்து, தைத்தேன். நோன்பு பிடித்துக்கொண்டுதான் தைத்தேன்.

அது எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. யாரோ பாவிகள் செய்ததற்கு நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு திரிந்தோம். வீட்டில் கிடந்த அரபுக் கிதாபுகளைக்கூடப் பயத்தில் புதைத்தவர்கள் இருக்கிறார்கள். முந்தல் ஊரில் ஒரு கடைக்குப் பாடசாலை பட்ஜ்கள் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. "கறுப்பு அபாயா போடாத, ஆக்கள் ஒருமாதிரிப் பாக்குறாங்க. அந்தப் புதுச் சட்டையப் போட்டுக்கொண்டு போ" என்றேன். எந்த ராத்தாவும் சொல்கிற புத்திதானே.

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். சந்தேகமானவர்களைக் கண்டால் அறிவிக்கச் சொல்லி டீவியில் பொலிஸ் தொலைபேசி இலக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அந்த இலக்கத்துக்கு அழைத்து, சட்டையின் நிறத்தையும் நெஞ்சில் இருக்கிற சக்கரத்தையும் முந்தல் பஸ்ஸையும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன், சொந்தத் தங்கச்சியின் பெயரை எப்படிச் சொல்வது?

பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் விளக்கமறியலில், சிறைக்குள்ளேயே வைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாள் விசாரித்து, பயமுறுத்தி விடுவார்கள், நிக்காஹ் தள்ளிப்போகும் என்றுதான் கணக்குப் போட்டேன். பெருநாளும் அவளுக்கு உள்ளேயே கழிந்தது. ஒவ்வொரு முறையும் சோறு கட்டிக்கொண்டு போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "நீங்க வராட்டி நான் மௌத்தாயிருவேன் ராத்தா" என்று அழுதாள். சேர், அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு என்னிடம் அப்படி அழுததே இல்லை. நானும் அழுதேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது, மறைக்காமல் சொல்கிறேன், மனது நிறைந்திருந்தது.

மிஹ்லாரும் வந்தான். சிறை வாசலில் மறித்து, "அவள் உங்களைப் பாக்க விரும்பேல்ல, வெக்கப்படுறாள்" என்று அனுப்பிவிட்டேன். அவளிடம் அவன் வீட்டார் பயந்து பேச்சை முறித்துவிட்டதாகச் சொன்னேன். இரண்டு பேரும் நம்பினார்கள். பிணையில் வந்த நாளிலிருந்து அவள் வாசல் படலையைத் தாண்டியதில்லை. பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறாள். "நான் ஒரு மடச்சி ராத்தா, நான் கீறின படத்தாலதானே உங்களுக்கும் இவ்வளவு கரைச்சல்" என்கிறாள். "அல்லாஹ்ட நாட்டம், விடு" என்று தலையைத் தடவிவிடுவேன்.

எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. இப்போது நீங்கள் வந்து, உங்கள் பீஸைக் கட்டுகிறவன் மிஹ்லார்தான் என்கிறீர்கள். அவன் இன்னும் காத்திருக்கிறான், வழக்கு முடிந்ததும் கூட்டிப்போகிறான் என்கிறீர்கள். இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் நீங்கள், நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலைதான். அந்தப் படத்தைத் தந்தால் அவள் போய்விடுவாள். வெளியே உலகம் கெட்டுக் கிடக்கிறது. நீங்களும் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்தவர்தானே, இராமநாதன் சேர், ஒருவரைப் பத்திரமாக வைத்திருப்பது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் எங்கள் சட்டத்தரணி. இங்கே சொன்னது இங்கேயே இருக்கும் என்றுதான் சொன்னேன். எழுதுவதை நிறுத்துங்கள்.

ஏன் எழும்புகிறீர்கள்? அவளையா கூப்பிடப் போகிறீர்கள்? தேவையில்லை, அங்கே பாருங்கள், திரைச்சீலைக்குக் கீழே அவள் கால் தெரிகிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. நிற்கட்டும். கேட்டிருந்தாலும் என்ன செய்துவிடப் போகிறாள், சேர்? என்னை விட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?