பாரிஸைத் திருப்பிக் கொடுத்தவன்

லாஸ்பேட்டையிலிருந்து பஸ் ஸ்டாண்டு போகும் டெம்போவில் எனக்கு எதிரே இரண்டு கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்டவன் எடுத்த எடுப்பிலேயே சொன்னான்:

"நேத்து பாரிஸைப் புடிச்சிட்டேன்டா. எங்கப்பா சாப்பிடாம படுத்துட்டாரு."

"கம்ப்யூட்டர் கேமுக்கா?" என்றான் மற்றவன்.

"அவரு பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவருடா. பின்னாடியே நின்னு பாத்துக்கினு இருந்தாரு. பென்ஷன் குடுக்கிற ஊரையே புடிப்பியா, மரியாதையா திருப்பிக் குடுத்துடுன்னாரு."

"குடுத்தியா?"

"குடுத்தேன். அடுத்த டர்ன்லயே அவனுங்க வந்து என் தலைநகரத்தைப் புடிச்சிட்டானுங்க. அப்பா எழுந்து வந்து ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டாரு."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை.

"அப்ப வேற கேம் வாங்கு."

"அதுக்குதான் சிடி கடைக்குப் போறேன். இதே மாதிரி ஊர் கட்டணும், படை சேக்கணும், நம்ம டர்ன் முடிஞ்சாதான் அவங்க டர்ன் வரணும். ஆனா பிரான்ஸ் மட்டும் இருக்கக் கூடாது."

"பழைய ரோமாபுரி கேம் ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துல பிரான்ஸே கிடையாது. நேரா போயி ரோமைப் புடிச்சா ஜெயிச்ச."

கண்ணாடிக்காரன் முகம் மலர்ந்தது. அடுத்த வளைவு வருவதற்குள் வாடிவிட்டது.

"ரோம் போப் இருக்கிற ஊருடா. எங்கம்மா தெனம் பூசைக்குப் போறவங்க."

"அதனால?"

"அப்பாவாச்சும் அவரு மட்டும் சாப்பிடாம படுத்தாரு, அவ்ளோதான். அம்மா எனக்குச் சோறு போட மாட்டாங்க."