மிஷின் மனுசன் கதை யாருது

எனக்கு எழுத்து கோணலாக வரும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற பஸ்ஸில், என் பின்சீட்டில் ஃபேக்டரி ஆட்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ரெண்டு பாகம் வந்துச்சே, இங்கிலீஷ் மிஷின் மனுசன் படம், அது என் கதை மச்சான். முன்னாடியே நம்ம குவார்ட்டர்ஸ் கையெழுத்துப் பத்திரிகையில எழுதினேன். அமெரிக்காவுக்கு லெட்டர் போடப்போறேன்.”

“அந்தப் பத்திரிகை இன்னும் கீதா?”

“கீது. ஆனா பொண்டாட்டி பேர்ல எழுதிட்டேன்.”

“அப்போ லெட்டர்ல தங்கச்சில்ல கையெழுத்து போடணும்?”

“போடமாட்டேங்குது. ‘நான் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கினே, உன் கதைன்னு எப்படி எழுதித் தர்றது’ன்னு கேக்குது.”

“மெய்யா?”

பருத்திப்பட்டு ஸ்டாப்பில் பஸ் நின்றபோது அவர் குரலைத் தாழ்த்தினார்.

“மிஷினெல்லாம் நான்தான்டா. கடைசியில அது அழுவுற எடம் மட்டும் அவ சொன்னது.”

“ஜனம் அதுக்குத்தானே மாமே ரெண்டு தபா பார்த்துச்சு.”

படம் இரண்டு பாகமா, மூன்றா? தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.