தர்லோ பண்ணையின் முதல் கிணறு

பியோனிப் பூவை மொட்டு அவிழும்போதே நறுக்கிவிட வேண்டும், ஷெரிஃப். அப்போதுதான் நினைவு தினம் முடியும்வரை கல்லறையில் வாடாமல் நிற்கும். எங்கள் கொள்ளுத்தாத்தா அமோஸ் தர்லோவுக்கு மே மாதந்தோறும் நான்தான் வைக்கிறேன். நெப்ராஸ்காவில் இந்தப் பக்கம் முதலில் ஏர் பூட்டியவர் அவர். நம் ஊருக்கே அவர் பெயர்தான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

சித்தப்பா மகன் வென்டல் ஓய்வு பெற்றதும் வம்சாவளி தேடக் கிளம்பினான். அறுபது தாண்டியும் எனக்குப் பையன்தான். வாய் மட்டும் நீளம். தாத்தாவின் பூர்வீகமான வெர்மான்ட்டுக்கே போய், அங்குள்ள தர்லோக்களிடம் எச்சில் வாங்கி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினான். நானும் குழாயில் துப்பிக் கொடுத்தேன். என் மடத்தனம்.

"அக்கா, அவங்களுக்கும் நமக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல," என்றான், நான் சுட்ட ஆப்பிள் கேக்கைத் தின்றுகொண்டே. "அமோஸ்கூட ஒரு கூலியாள் வந்தானே, அவன்தான் நம்ம தாத்தா. பேரு, நிலம் எல்லாத்தையும் அமுக்கிட்டான்."

"கூலியாள் ஊருக்குத் திரும்பிட்டான்டா."

"அப்ப முதல் கிணத்தை ஏன் மூடினாங்க? இந்த வறண்ட சீமையில, தண்ணி ஊறுற கிணத்தை எவனாவது மண்ணள்ளிப் போட்டு மூடுவானா?"

மூடமாட்டான். அது எனக்கும் தெரியும்.

ஜூலையில் தர்லோக்கள் எல்லோரும் கூடும் விருந்தில் சொல்லப்போவதாகச் சொன்னான். கெஞ்சிப் பார்த்தேன்.

"உனக்கென்னக்கா? நீயா கொலை பண்ண?" என்று சிரித்தான்.

கிணற்றைத் தோண்டிப் பார்க்கிறேன் என்றான். நிலம் என்னுடையது. மறுத்தால் அவன் சந்தேகம்தான் கூடும், சரி என்றேன். வாடகை இயந்திரம் வைத்துப் பெரும்பகுதி மண்ணை எடுத்தான். மிச்சத்தைக் கையால் தோண்ட ஏணி போட்டு இறங்கினான். மத்தியானம் அவனுக்கு சாண்ட்விச் கொண்டுபோனேன்.

"அக்கா, பூட்ஸ் ஒண்ணு கெடக்கு. உள்ள எலும்பு." குரலில் அப்படியொரு சந்தோஷம்.

அலுமினிய ஏணி, கனமே இல்லை. மேலே இழுத்துப் போட்டேன்.

"விளையாடாதக்கா," என்றான்.

அவன் எடுத்த மண் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது. டிராக்டர் ஓட்டுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். மெதுவாகத்தான் தள்ளினேன். முதலில் திட்டினான், பிறகு அழுதான். கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. குரல் நின்றதும் மண்ணைச் சமன் செய்து புல்விதை தூவினேன்.

நீங்கள் தோண்டினால் இரண்டு பேர் கிடைப்பார்கள். மேலே இருப்பது வென்டல். அவனை நான்தான் மூடினேன், எழுதிக்கொள்ளுங்கள். அடியில் இருப்பவர் கால் தவறி விழுந்திருப்பார். உயிரோடு ஒரு மனிதனைக் கிணற்றில் போட்டு மண் தள்ளுகிற குணம் எங்கள் ரத்தத்திலேயே கிடையாது.