முதல் கண்ட்ரோலர்

ஸ்டேஷன் தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. நான் போடுவதைவிடச் சர்க்கரை சற்றுத் தூக்கல், அவ்வளவுதான்.

அந்த உள்ளங்கை அளவு வீடியோ கேம் பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அண்ணன் எனக்காக வாங்கி வந்தது. சிறுவயதில் எங்கள் வீட்டில் இருந்ததே குட்டியாக வந்திருக்கிறது. பழைய ஆட்டங்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அண்ணி கடைக்குக் கிளம்பியதும் இருவரும் சோபாவில் உட்கார்ந்து கார் பந்தயத்தைப் போட்டோம். முதல் கண்ட்ரோலர் வழக்கம்போல அவன் கையில். மூத்தவன் இல்லையா.

அந்தப் பந்தயம்தான் எங்களுக்கு வாழ்க்கையைப் பிரித்துக் கொடுத்தது. அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது, ஒருவன் வெளியூருக்குப் படிக்கப் போகலாம், மற்றவன் வீட்டோடு இருந்தாக வேண்டும் என்ற நிலை. "நீங்களே பேசி முடிவு பண்ணுங்கப்பா" என்று அம்மா ஒதுங்கிக்கொண்டாள். நாங்கள் பேசவில்லை, ஆடினோம். நான் தோற்றேன். அப்பாவைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிடுவதிலேயே என் இளமை போயிற்று. ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. நேர்மையாகத் தோற்றவன் என்று என்மேல் எனக்கே ஒரு மரியாதை இருந்தது. அதை வைத்துத்தான் காலத்தை ஓட்டினேன்.

அண்ணி கடைக்குப் போன அன்றும் அவனே ஜெயித்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

"இன்னுமாடா உனக்குத் தெரியல? பச்சை விளக்கு வர்ற வரைக்கும் இந்தக் கீழ் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கணும். எதிராளி கார் வேகமே எடுக்காது. முதல் கண்ட்ரோலர்ல மட்டும்தான் நடக்கும்."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"பின்ன? எல்லாத் தடவையும் எப்படி ஜெயிச்சேன்னு நெனச்ச?"

சொல்லிவிட்டுத் தோளில் தட்டினான். நம்பவைத்துக் கழுத்தறுத்தவன் தோளில் தட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஐயா. கண்ட்ரோலரை மாற்றிக்கொண்டு இன்னொரு ஆட்டம் போடலாம் என்றேன். "சரி, இப்பவாவது ஜெயிச்சுக்கோ" என்று நீட்டினான்.

அப்போதுதான் அவனுக்கு நெஞ்சை அடைத்தது. வியர்த்துக் கொட்டியது. "சட்டைப் பையில மாத்திரை இருக்கு, எடுத்துட்டு வாடா" என்றான். சட்டை அடுத்த அறைக் கதவில் தொங்கியது. எழப் பார்த்தான், கால் நிற்கவில்லை.

"ஆடி முடிவு பண்ணிக்கலாம்ணா. நீ ஜெயிச்சா எடுத்துட்டு வரேன். சத்தியமா கீழ் பட்டனைத் தொட மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டான். என்னை நம்பினான். முடிந்தவரை நன்றாகவே ஆடினான்.

நான் அவனைத் தொடக்கூட இல்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி ஆட்டம்தான் முடிவு செய்தது. அண்ணி வந்து கதவைத் தட்டியபோது மாத்திரை சட்டைப் பையிலேயே இருந்தது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பச்சை விளக்கு வரும்வரை கீழ் பட்டனை அழுத்தித்தான் பிடித்திருந்தேன். இந்த ஒரு விஷயத்திலாவது அண்ணன் என்னிடம் உண்மையைச் சொன்னானா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சொன்னது உண்மைதான், ஐயா. அவன் கார் வேகமே எடுக்கவில்லை.